வாட்டம்

திங்கட்கிழமை மட்டும்
பை தூக்குகிறவர்கள் ஆடலாம்.
முந்தின நாள் சாயங்காலம்
சைதாப்பேட்டையில் என் பட்டறைக்கு
தேசிங்கு வந்தான்,
கோணியில் சுற்றிய ஒன்பது இரும்புகளோடு.

டாக்டர் சம்பந்தமூர்த்தி ஆறடி இரண்டங்குலம்.
மகளோடு இருக்க அமெரிக்கா கிளம்பும்போது
செட்டை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.
அது ஆச்சு பன்னிரண்டு வருஷம்.
தேசிங்கு ஐந்தடி நாலு,
செருப்போடு சேர்த்து.

"மொதல்ல எல்லாம் எடது பக்கமே போவும் மேடம்.
அப்பறம் நானே சரி பண்ணிக்கினேன்."
எப்படி என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

பலகைமேல் நிற்கச் சொன்னேன்.
ஏழாம் நம்பரை வைத்தான்.
குதி தரையைத் தொட்டது,
மூக்கு ஆகாசம் பார்த்தது.
மூக்குக்கு அடியில் மூன்று ஒரு ரூபாய்க் காசு
ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார இடமிருந்தது.
லை ஆங்கிள், மூன்று டிகிரி அதிகம்,
என்று நோட்டில் எழுதினேன்.
"கோணலா?" என்றான்.
கோணம், என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதானே."

இரும்பின் கழுத்தை வைஸில் இறுக்கி
நெம்புகோலுக்கு என் எடை முழுவதையும் கொடுத்தேன்.
வார்த்தது என்றால் முரண்டும், சமயத்தில் முறியும்.
இது அடித்துச் செய்தது,
முனகிக்கொண்டே வரும்.
தாம்பரம் வண்டி ஒன்று கடந்து முடிவதற்குள்
ஒரு டிகிரி.
ஒன்பதும் முடிய எட்டரை மணி.

மொட்டை மாடியில் வலை கட்டியிருக்கிறேன்.
அடிப்பக்கம் டேப் ஒட்டிக் கொடுத்தேன்.
முதல் பந்து வலது கம்பத்தில் பட்டுத் தெறித்து
பக்கத்து வீட்டு சின்டெக்ஸை அடித்தது.
இரண்டாவதும் வலது.
மூன்றாவதுக்கு அந்த வீட்டில் விளக்கு எரிந்தது.
டேப்பில் தழும்பு
மூக்கு நுனியில்.

அப்போதுதான் அவன் அடிப்பதைப் பார்த்தேன்.
இரும்பு கீழே இறங்கும் அரைக் கணத்தில்
இரண்டு குதிகாலும் எழும்புகின்றன,
மணிக்கட்டு மேலேறுகிறது,
ஐந்தடி நாலுக்குள்ளிருந்து
வேறொருவர் நிமிர்கிறார்.
பந்து போனதும் மடங்கிக்கொள்கிறார்.

நின்றவனை அளந்திருக்கிறேன்.
அடிக்கிறவனை அளக்கவில்லை.

கீழே வந்தோம்.
நான் நோட்டைப் பார்த்தேன்,
அவன் தரையைப் பார்த்தான்.
கிரீனில் செய்வதுபோல் குந்தி
ஒரு கண்ணை மூடி
பலகைமேல் பந்தை வைத்து விரலை எடுத்தான்.
பந்து யோசித்தது.
பிறகு மெதுவாக, வெட்கமே இல்லாமல்,
எதிர்ச்சுவர் ஜலதாரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"கழுவி வுட வாட்டம் குடுத்திருக்காங்க மேடம்.
கொத்தனார் நல்ல கொத்தனார்."

ரசமட்டத்தை எடுத்து வைத்தேன்.
குமிழி நடுவில் நிற்க மறுத்தது.
ஆக, மூன்றில் ஒரு டிகிரி கொத்தனாருடையது.
மிச்சம் இரண்டு
டாக்டருக்கும் இவனுக்கும் நடுவில்
என்றைக்கோ பைசலாகிவிட்டது.

எட்டு இரும்புகளைப் பழையபடி நிமிர்த்தினேன்.
ஏழாம் நம்பரை எடுக்கும்போது
கையை நீட்டித் தடுத்தான்.
"இதுல தரையோடத மட்டும் எடுத்துடுங்க.
மத்தது இருக்கட்டும்.
நான் நின்னு அடிச்சா எப்பிடிப் போவும்னு
ஒண்ணுலயாவது தெரியட்டும்."

கூலி வேண்டாம் என்றேன்.
பந்துக் கூடையில் நூறு ரூபாயைப் போட்டுவிட்டுப் போனான்.

ராத்திரி பலகைக்கு அடியில்
கல்யாணப் பத்திரிகை ஒன்றை மடித்துச் செருகி
குமிழியை நடுவில் நிறுத்தினேன்.
நாலு வருஷ நோட்டு. நூற்றுப் பதினேழு பெயர்.
ஆளுக்கு ஒரு டிகிரி கடன்.

காலையிலிருந்து போன் பண்ணுகிறேன்.
ஒருவர் திட்டினார்.
ஒருவர், அதானே பாத்தேன் என்றார், சந்தோஷமாக.
பதினாறாவது பெயர் வக்கீல் ஜெயசீலி.
நான் வளைத்துக் கொடுத்த செட்டில்தான்
போன மாதம் கோப்பை வாங்கினார்.

பதினேழாவது நம்பரை அழுத்தினேன்.